வீட்டுக்கு ஒருத்தர் இருந்தாகணும்

போன ஞாயிற்றுக்கிழமை கூடப் படித்த தோழி ஒருத்தி பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். வந்த பத்தாவது நிமிஷம் அவள் பையன் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றுவிட்டான். அவள் வீட்டுக்காரர் எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக்குள் போய் வெள்வேல மரத்தை விதவிதமாகப் படம் எடுத்தார். அவள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள், "உனக்கென்னடி, கொடுத்து வெச்சவ. நாங்களும் ரெண்டு வருஷத்துல வேலையை விட்டுட்டு நாலு மாடு, பத்து ஆடு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருக்கப் போறோம்."

நான் சிரித்து வைத்தேன். வந்த விருந்தாளியிடம் வேறென்ன சொல்ல? அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் நாலரை ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் கொரங்காடு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் தானாக வளரும் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. மிச்சத்தில் கிணறு, மக்காச்சோளம், தீவனப்புல், கொஞ்சம் முருங்கை. கட்டுத்தரையில் இரண்டு கலப்பின மாடு, ஒரு கிடாரி, காங்கேயம் மயிலை ஒன்று (சாம்பல் நிறத்து நாட்டு மாடு), அதன் கன்று. பட்டியில் இருபத்திரண்டு மேச்சேரிச் செம்மறியாடு. வெள்ளாடு ஆறு, அது ஆறும் அறுபதுக்குச் சமம். கோழி முப்பதோ முப்பத்தைந்தோ, எண்ணி முடிப்பதற்குள் ஒன்று படப்புக்கு அடியில் போய்விடும். பாம்பு வந்தால் ஊரைக் கூட்டட்டும் என்று நாலு கின்னிக்கோழி. அதுகள் பாம்புக்கும் கத்தும், தபால்காரருக்கும் கத்தும். இரண்டு நாய். ஆட்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், அத்தை. அத்தைக்கு முட்டி வலி. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறதுகள், அதனால் அதுகளைத் தீனி தின்கிற பக்கம்தான் சேர்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வாயில்லா ஜீவன் இருக்கிற வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பி ஒரு கல்யாணத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றி யூடியூபில் பேசுகிற எந்தத் தம்பியும் இதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

காலையில் நாலரைக்கு எழுந்தால் ஆறரைக்குப் பால் வண்டி. அதற்குள் சாணி வழித்து, கழுவி, கறந்து, கேனை ரோட்டுக்குக் கொண்டு போக வேண்டும். மறுபடி சாயங்காலம் மூன்றரைக்குக் கறவை. நடுவில் இருக்கிற நேரம்தான் நமக்கு என்று நினைப்பீர்கள், அந்த நேரத்தில்தான் வெள்ளாடு அடுத்த காட்டு முருங்கையில் இருக்கும். வேலை அதிகம் என்பது கூட என் குறை இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடி வேலையில் இருந்த காலத்தில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. மாட்டு மடிக்கு ஞாயிறு தெரியாது. ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கல் மாதிரி ஆகிவிடும், அடிக்கடி விட்டால் மடிநோய், அந்தக் காம்பு போனால் போனதுதான்.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். நல்ல நாள், முகூர்த்த நாளெல்லாம் மறைந்துபோய் என் கிறுக்கல்தான் இருக்கும். சினை ஊசி போட்ட தேதிக்கு ஒரு வட்டம், அதிலிருந்து 21வது நாளுக்கு ஒரு கேள்விக்குறி. அன்றைக்கு மறுபடி பருவத்துக்கு வந்தால் ஊசி நிற்கவில்லை என்று அர்த்தம். நின்றால் 280 நாள் தள்ளி ஒரு நட்சத்திரம். ஆட்டுக்கு ஐந்து மாசம். அடை வைத்த கோழிக்கும் அதே 21 நாள், அதனால் மாட்டுக்கு 'மா', கோழிக்குக் 'கோ' என்று போடவில்லை என்றால் குழம்பிவிடும், ஒரு தடவை குழம்பியும் இருக்கிறது. பருவம் என்பது காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட்டாக வேண்டிய சமாச்சாரம். அந்த அரை நாள் நீங்கள் தாராபுரத்தில் சீர் வரிசையில் தட்டம் தூக்கிக்கொண்டு நின்றால் அடுத்த வாய்ப்புக்கு 21 நாள். அந்த 21 நாளும் மாடு தின்னும். அதனால் காலண்டரைப் பார்த்துத்தான் விசேஷத்துக்கு யார் போவது என்று முடிவாகும். யார் போவது என்று முடிவாகிறது என்பதே ஒரு பேச்சுக்கு. இருப்பது யார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

காரணம் மயிலை. என் கல்யாணத்துக்கு அப்பா ஓட்டி வந்து கட்டிய மாட்டின் பேத்தி. ஒரு வேளைக்கு ஒன்றரை லிட்டர் கொடுத்தால் பெரிய விஷயம், ஆனால் அந்தப் பாலில்தான் அத்தைக்குக் காப்பி இறங்கும். கன்றை ஊட்ட விட்டு, பக்கத்தில் கட்டி, நான் உட்கார்ந்தால்தான் சுரப்பு விடும். வேறு ஆள் கை பட்டால் பாலை மேலே இழுத்துக்கொள்ளும், அதற்கும் மேலே தொட்டால் உதை. என் வீட்டுக்காரர் முழங்காலில் அதற்கான சான்றிதழ் இருக்கிறது. தோழியின் பையன் கட்டிப் பிடித்தது அதன் கன்றைத்தான். "செவலைக் கன்னு எவ்வளவு அழகு" என்று படம் போட்டிருந்தாள். அது ஆறு மாசத்தில் நிறம் மாறி வெளுத்துவிடும், காங்கேயம் கன்று எல்லாமே பிறக்கும்போது அப்படித்தான் சிவப்பாக இருக்கும்.

இப்போது கணக்கு. கலப்பின மாடு இரண்டும் சேர்ந்து நாளைக்கு 18 லிட்டர். அரசு 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது, 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விலை 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் இதர சத்தும் இருக்கிற பாலுக்கு. பச்சைப் புல்லை அள்ளிப் போட்டால் பால் ஏறும், கொழுப்பு இறங்கும். சோளத்தட்டைக் கூட்டினால் கொழுப்பு ஏறும், பால் கொஞ்சம் இறங்கும். இந்தத் தராசை ஆட்டி ஆட்டிப் பார்த்து எங்களுக்குச் சராசரியாக 33 ரூபாய் நிற்கிறது. ஆக நாளைக்குக் கிட்டத்தட்ட 600. தவிடு, புண்ணாக்கு, அடர்தீவனம் 380 போய்விடும். மிச்சம் 220. இதில் எங்கள் மூன்று பேர் உழைப்பையும் சேர்த்தால் மாட்டுக்கு மட்டும் ஒன்பது மணி நேரம். நூறு நாள் வேலைக்கு 2025-26க்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னே ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். ஏனென்றால் இது ஒரு மாட்டுக் கணக்கு இல்லை. மாடு கழித்த சோளத்தட்டை ஆடு தின்னும், சாணிக் குப்பையைக் கோழி கிளறும், அந்தக் குப்பை காட்டுக்குப் போகும், காட்டிலிருந்து தட்டு திரும்ப மாட்டுக்கு வரும். பால் காசு மளிகைக்கு. முட்டைக் காசு அத்தையினுடையது, அதை நாங்கள் யாரும் கேட்க மாட்டோம். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாசம் நாலு குட்டி சந்தைக்குப் போகும். 2022இல் தோல் கட்டி நோய் வந்து ஒரு மாடு இரண்டு மாசம் பால் இல்லாமல் நின்றபோது ஆடுதான் குடும்பத்தைத் தூக்கியது. ஒன்று படுத்தால் இன்னொன்று நிற்கும். அந்த அளவுக்குப் பலவகை வைப்பது புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. இத்தனை வகையையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிற கயிறு ஒரு ஆள், அந்த ஆளுக்குத்தான் எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் தங்கச்சி கல்யாணம். சொந்தத் தங்கச்சி. இதற்காவது எல்லாரும் போவோம் என்று பக்கத்துக் காட்டு அண்ணனிடம் சொல்லி, மயிலை கறவை வற்றியிருந்த சமயம் பார்த்து, எல்லாம் ஏற்பாடு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில், காலண்டரில் நட்சத்திரம் போட்ட தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போதே, பெரிய கலப்பின மாடு கன்று போட்டது. சரி, போட்டது நல்லதாய்ப் போச்சு, நச்சுக்கொடியும் மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது, அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தோம். சீம்பால் கறந்து கன்றுக்குக் கொடுத்தாயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பி வண்டியில் ஏறிவிட்டோம். நான் பட்டுச்சேலை, தலையில் பூ. எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன்.

மாடு படுத்திருந்தது. படுத்தது பெரிதில்லை, கழுத்தை மடக்கித் தலையை விலாவில் சாய்த்து வைத்திருந்தது. காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்துபோய் வருகிற பால் ஜுரம், பேர்தான் ஜுரம், உடம்பு குளிர்ந்துவிடும். கன்று போட்டதும் மடிக்குத் திடீரென்று பால் இறங்க, ரத்தத்தில் இருக்கிற கால்சியம் எல்லாம் அதற்குப் போய்விடும். அதிகம் கறக்கிற மாட்டுக்குத்தான் வரும். விட்டால் விடியாது.

"நீங்க கிளம்புங்க"ன்னு சொன்னேன். அவர் இறங்கப் பார்த்தார். மூத்த மாப்பிள்ளை போகாமல் இருந்தால் எங்கள் பக்கம் அது ஒரு பேச்சாகிவிடும், சீர் செய்கிற இடத்தில் அவர் நிற்க வேண்டும். அத்தை மட்டும், "கண்ணு, நான் இருக்கறேன், நீ போ"ன்னாங்க. முட்டி வலியோடு மாட்டைத் திருப்பிப் படுக்க வைக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டர் வந்தபோது மணி ஏழு. கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி, கால்சியம் பாட்டிலை வெந்நீரில் லேசாகக் காட்டி என் கையில் கொடுத்தார். "அக்கா, ரொம்ப உயரத் தூக்கிராதீங்க, வேகமா இறங்கினா இதயம் நின்னுரும்" என்று சொல்லிவிட்டு மாட்டின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே குந்தி உட்கார்ந்தார். 450 மில்லி. சொட்டுச் சொட்டாக. கை மரத்துப் போய்விட்டது, மாற்றிப் பிடிக்கக் கூட ஆள் இல்லை. முக்கால் பாட்டில் போனதும் மாட்டின் தோல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. அப்புறம் பெரிதாக ஒரு ஏப்பம். அப்புறம் சாணி போட்டது. அடுத்த கால் மணியில் தட்டுத் தடுமாறி எழுந்து நின்று கன்றைத் தேடியது. நான் அந்தப் பட்டுச்சேலையோடு சாணியில் உட்கார்ந்து அழுதேன். மாடு பிழைத்த சந்தோஷமா, தங்கச்சிக்குத் தாலி கட்டுவதைப் பார்க்க முடியாதே என்கிற துக்கமா, இன்று வரைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தாலி கட்டியதை வீடியோ காலில் பார்த்தேன், சிக்னல் இல்லாமல் மாப்பிள்ளை கை மட்டும்தான் தெரிந்தது.

சரி, இதெல்லாம் எப்போதாவது வருவது என்பீர்கள். ராத்திரி தினமும் வருகிறதே. முன்னெல்லாம் கிளுவை வேலிக்குள் ஆட்டை விட்டுவிட்டால் மேய்க்க ஆளே வேண்டாம், கொரங்காட்டின் அருமையே அதுதான். ராத்திரி பட்டியில் அடைத்தால் விடிந்து போய்த் திறந்துவிட்டால் போதும். இப்போது தெருநாய்க் கூட்டம். 2024லும் 2025லும் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அரசு ஆட்டுக்கு 6,000 ரூபாய் இழப்பீடு என்று அறிவித்தது. ஆனால் நாய் கடித்துச் சாவது மூன்று என்றால், அந்த ஓட்டத்தில் சினை கலைவது நாலு, அதற்கு யாரிடம் போய் நிற்பது? எங்களுக்கு ஒரு ராத்திரியில் ஐந்து போனது. அதற்கப்புறம் அவர் பட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுத்தான் படுக்கிறார். ஆக, புருஷன் பட்டியில், பெண்டாட்டி கட்டுத்தரையில். இதில் நிம்மதி எங்கே இருக்கிறது என்று தோழி வந்து தேடிக் கொடுத்தால் சந்தோஷம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசுவதில்லை. கலப்பின மாடு காளைக்கன்று போட்டால் என்ன செய்வீர்கள்? ஏருக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. பொட்டைக் கன்று மட்டும் விழுகிற மாதிரி ஊசி இப்போது வந்திருக்கிறது, அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. காளைக்கன்றை வியாபாரி பிடித்துப் போகிற அன்றைக்கு நான் காட்டுக்குள் போய்விடுவேன். இரண்டு நாள் தாய் கத்தும். பட்டிப் பொங்கலுக்கு பட்டியில் வெட்டிய சின்னத் தெப்பக்குளத்தில் மாட்டை மிதிக்க வைத்து "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கூவுகிற அதே வாய்தான் அந்த வியாபாரியிடம் இருநூறு கூடக் கேட்டுப் பேரமும் பேசுகிறது. பண்ணையம் என்றால் இது இரண்டும்தான். படத்தில் ஒன்றுதான் வரும்.

தோழிக்கு: வா, வராதே என்று சொல்லவில்லை. மாடு வாங்குவதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். பால் எவ்வளவு கறக்கும், லோன் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம். உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால், உன் பையனுக்கு ஆண்டு விழா என்றால், யார் வீட்டில் இருப்பது? பேரைப் போட்டு எழுதுங்கள். "பார்த்துக்கலாம்" என்று எழுதினால் அது உன் பேர்தான். நாலு மாடு என்பதை இரண்டாக்குங்கள். பக்கத்துக் காட்டில் கறக்கத் தெரிந்த ஒரு ஆளுக்கு மாசம் நாலு நாள் கூலி முதலிலேயே எடுத்து வையுங்கள், தீவனச் செலவு மாதிரி. நாங்கள் அதைப் பத்து வருஷம் செய்யவில்லை. மீதமாகிறது என்று நினைத்தோம். என் தங்கச்சி கல்யாணத்தில் அது போனது.

வருகிற ஐப்பசியில் அதே தங்கச்சிக்கு வளைகாப்பு. இந்தத் தடவை நான் போகிறேன், இரண்டு ராத்திரி தங்கி வருகிறேன் என்று காலண்டரில் சிவப்பு மையில் போட்டுவிட்டேன். கலப்பின மாட்டைப் பக்கத்துக் காட்டு அண்ணன் கறப்பார், பேசியாயிற்று. "ஏம்புள்ள, மயிலை?" என்றார் இவர். யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். என் பழைய நைட்டி ஒன்றைக் கட்டுத்தரை ஆணியில் மாட்டியிருக்கிறேன், இவர் அதைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் போய் உட்கார வேண்டும். நேற்று ஒத்திகை பார்த்தோம். அத்தைக்குச் சிரித்துச் சிரித்து முட்டி வலியே மறந்துவிட்டது. மயிலை திரும்பி ஒரு தடவை முகர்ந்து பார்த்தது, யோசித்தது, முக்கால் லிட்டர் விட்டது. நைட்டியைத் துவைக்கட்டுமா என்று கேட்டார். தொடக் கூடாது, வாசம் போய்விடும் என்று சொல்லிவிட்டேன்.