கடிதத்தில் இல்லாத பெயர்

தரம் 8 மாணவன் ஒருவன் எழுதிய மன்னிப்புக் கடிதம் ஆசிரியையான என் மேசைக்கு வந்தது. ‘கனம் அதிபர் அவர்கட்கு’ என்று தொடங்கி, ‘இனிமேல் இவ்வாறான செயல்களில் ஈடுபட மாட்டேன் எனத் தாழ்மையுடன் உறுதியளிக்கிறேன்’ என்று முடிந்திருந்தது. கீழே தாயின் கையொப்பம். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் உறைத்தது: யாருக்குத் தீங்கு செய்தானோ அந்தப் பையனின் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. என்ன செய்தான் என்பதும் இல்லை.

செய்தது இதுதான். வகுப்புத் தோழனின் சைக்கிளில் இரண்டு சில்லுகளிலும் காற்றை அடைத்து வைத்திருக்கும் வால்கட்டைகளைக் கழற்றிப் பற்றைக்குள் எறிந்துவிட்டான். பாடசாலை விட்டது ஒன்றரை மணிக்கு. அந்தப் பிள்ளையின் வீடு, கிளிநொச்சியின் இரணைமடு வாய்க்கால் கரையோடு உள்ளே போகும் கிரவல் வீதியில், ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால். சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும் ஜூலை மாதம். காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் நடந்தே போயிருக்கிறான்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல விடயம்; நான் அதற்கு முழு ஆதரவு. ஆனால் பிரம்பைக் கீழே வைத்த கையால் நாங்கள் இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டோம். அடி வாங்குவதற்குப் பதிலாகக் கடிதம் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அது போய் அதிபர் அறைக் கோவையில் தூங்குகிறது. சைக்கிள் உருட்டியவன் அதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

வாயால் கேட்க வைப்பதும் இதற்குக் குறைந்ததல்ல. இருவரையும் முன்னால் நிறுத்துவோம். “சொறி சொல்லு.” சொல்வான், எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. (ஆங்கிலச் சொல்லை நாங்கள் ‘சொறி’ என்று எழுதுவதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கென்னவோ பொருத்தமாகவே படுகிறது. மேலால் சொறிந்துவிட்டுப் போகும் வேலைதானே நடக்கிறது.) பிறகு மற்றவனிடம் திரும்பி, “அதுதான் கேட்டுவிட்டானே, கை கொடு” என்போம். நம் மொழியில் மன்னிப்பைக் ‘கேட்கிறோம்’. கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று எப்படியோ ஆகிவிட்டது. கொடுக்காதவன் திமிர் பிடித்தவன். முதல்நாள் வெயிலில் நடந்தவனுக்கு அடுத்தநாள் வகுப்பில் இது இரண்டாவது தண்டனை.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்துவிட்டுப் போன அடுத்த மாதம், பழைய பயிற்சிக் கொப்பி எங்கே என்று ஒரு மாணவியை எழுப்பி நிறுத்தி ஏசினேன். அவள் வாயே திறக்கவில்லை. இடைவேளையில் அவளுடைய தோழி வந்து, “அவளுடைய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது, ரீச்சர்” என்றாள். ஓடிப்போய் விறாந்தையில் அவளைத் தனியாகப் பிடித்து, “தெரியாமல் ஏசிவிட்டேன், குறை நினைக்காதே அம்மா” என்றேன். அவளும் “பரவாயில்லை, ரீச்சர்” என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. இரவு படுத்த பிறகுதான் யோசித்தேன்: ஏசியது முப்பத்தைந்து பேருக்கு முன்னால், மன்னிப்பு மட்டும் யாரும் இல்லாத விறாந்தையிலா? மறுநாள் வகுப்பில், எல்லோரும் கேட்க, நான் செய்த பிழையைச் சொன்னேன். கை நடுங்கியது. அதன் பிறகும் பல கிழமைகள் அவள் என்னிடம் கொப்பி காட்ட வரவில்லை. அது அவளுடைய உரிமை.

பெரியவர்களின் மன்னிப்பும் பிள்ளைகளின் காதில் விழுகிறது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்காக 2004இல் அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கோரினார். இருபத்தொரு வருடம் கழித்தாவது வந்ததே என்று வரவேற்றவர்களும் உண்டு. ஆனால் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரிடம் நாளைக்கே யாராவது போய் மன்னிப்புக் கேட்டால், “பிள்ளை எங்கே?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நடந்ததைச் சொல்லாத மன்னிப்பை வைத்து அவர்கள் என்ன செய்வது? அந்தத் தாய்மாரின் பேரப்பிள்ளைகளின் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் ‘தாழ்மையுடன் உறுதியளிக்கிறேன்’ என்று எழுதப் பழக்குகிறோம்.

அந்தக் கடிதத்தை நான் அதிபரிடம் கொடுக்கவில்லை. எழுதியவனைக் கூப்பிட்டு, “அவனுடைய வீடு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். தெரியவில்லை. மூன்று வருடமாக ஒரே வகுப்பு. “போய்க் கேட்டுக்கொண்டு வா. எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தான் என்பதையும் கேள். பிறகு என்ன செய்யலாம் என்று நீயே யோசி” என்றேன். மன்னிப்பு என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சரி, இதுவும் கோவைக்குத்தான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, சைக்கிள் தரிப்பிடத்தில் இருவரும் நிற்பதைக் கண்டேன். இவன் சட்டைப்பையிலிருந்து கடதாசியில் சுற்றிய இரண்டு வால்கட்டைகளை எடுத்து நீட்டினான். “கழற்றி எறிந்தது நான்தான். நீ மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டாயாம், உன் தங்கச்சி சொன்னாள்” என்றான், நிலத்தைப் பார்த்தபடி.

மற்றவன் வாங்கிப் பார்த்தான். சிரிக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

“அப்பா அன்றைக்கே புதிசு போட்டுவிட்டார்” என்றான். பிறகு இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்தான்.