கரையானுக்கு வரி கிடையாது

(வீட்டு வரி கட்டும் இடம். பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்கும் வரியா என்று ஒரு பெரியவர் கேட்கிறார்.)

எழுத்தர்: பூட்டிக் கிடந்தாலும் வரி உண்டு ஐயா.

பெரியவர்: கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே தம்பி! முப்பது வருடமாகத் தவறாமல் கட்டுகிறேன். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

எழுத்தர்: இருந்தவர் காலி செய்துவிட்டாரா?

பெரியவர்: மாற்றலாகிப் போய்விட்டார். பக்கத்து ஊர்க்காரர் வியாழக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார் என்றார்கள். எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

எழுத்தர்: (எழுதிக்கொண்டே) ஆக, உள்ளே யாரும் இல்லை.

பெரியவர்: கரையான் இருக்கிறது.

எழுத்தர்: கரையானுக்கு வரி கிடையாது.

பெரியவர்: இந்த ஊரில் ஒழுங்காகப் படிப்பது அது ஒன்றுதான். தலபுராணத்தை முடித்துவிட்டு இந்நேரம் மாவட்டக் கெசட்டியருக்குப் போயிருக்கும்.

எழுத்தர்: தட்டுமுட்டுச் சாமான் ஏதாவது?

பெரியவர்: குளம் வெட்டியவர் யார், தேர் எந்த வருடம் ஓடாமல் நின்றது, சந்தை எப்படி வந்தது, எல்லாம் அங்கேதான்.

எழுத்தர்: பழைய காகிதம். சரி, கட்டடம் யார் பெயரில்?

பெரியவர்: என் பெயரில். உங்கள் பெயரிலும்தான்.

எழுத்தர்: (பேனாவைக் கீழே வைத்துவிட்டு) என் பெயரிலா? சொத்து விவரத்தில் நான் காட்டவே இல்லையே!

(வரிசையில் நான் மூன்றாவது ஆள். எனக்கு முன்னால் நின்றவர் கடிகாரம் பார்ப்பதை அப்போதுதான் விட்டார்.)

பெரியவர்: பயப்படாதீர்கள். ரசீதைப் பாருங்கள், நூலக வரி. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா.

எழுத்தர்: அட, நூலகமா! நான் வீடு என்றல்லவா நினைத்தேன். வசூலிப்பதோடு எங்கள் வேலை முடிந்தது ஐயா. பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும்.

பெரியவர்: போய்விட்டதா?

எழுத்தர்: போகும்.

பெரியவர்: சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது தம்பி, 1948. அதற்கும் முன்னால், 1931-இல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாடு யாரிடமும் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லவில்லை.

எழுத்தர்: இப்போதெல்லாம் யார் ஐயா படிக்க வருகிறார்கள்?

பெரியவர்: பூட்டின்மேல் என்ன எழுதியிருக்கிறது, வந்து படிக்க? சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் அதே 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. அதை மட்டும் இங்கே உயிராகக் கடைப்பிடிக்கிறார்கள். பூட்டைப் பார்த்ததும் திரும்பிவிடலாம், அரை நிமிடம்கூட வீணாவதில்லை. போகட்டும், சாவி யாரிடம்?

எழுத்தர்: தெரியாது ஐயா.

பெரியவர்: உங்கள் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதே, அது?

எழுத்தர்: அது கிடங்குச் சாவி. கொசுப் புகை இயந்திரம் வைத்திருக்கிறோம்.

பெரியவர்: எங்கே?

எழுத்தர்: பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பச்சைக் கதவு... (நிறுத்துகிறார்.)

பெரியவர்: உள்ளே நுழைந்ததும் நீளமாக ஒரு மேசை இருக்குமே? செய்தித்தாள் போடுகிற மேசை?

எழுத்தர்: அதன்மேல்தான் வைத்திருக்கிறோம். உயரம் சரியாக இருக்கிறது.

பெரியவர்: அப்படியானால் அடுத்த ரசீதில் கிடங்கு வரி என்றே அச்சடித்துவிடுங்கள்.

எழுத்தர்: கணினியில் அப்படி ஒரு தலைப்பு இல்லை ஐயா. இரண்டு ரூபாய் சில்லறை இருக்கிறதா?