ஆலிவ் கிரீன் அடிக்கும் முன்

அண்ணாச்சி, பழைய ஜீப்புக்கு ஆர்மி ஆலிவ் கிரீன் அடித்துவிட்டு, ஆர்.சி.யில் நிறத்தை மாற்றி எழுதினால் போதும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, ராணுவத்துக்குச் சொந்தமான வண்டி தவிர வேறெதற்கும் அந்த நிறத்தை அனுமதிக்கவில்லை. ஏலத்தில் எடுத்த ராணுவ ஜீப் என்றாலும் இப்போது அது உங்கள் வண்டிதானே! மாஞ்சோலை மலைக்கு ஏறத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லியும் தப்ப முடியாது.

போனில் படத்தைக் காட்டினால் கடைக்காரர் அப்படியே கலந்து தருவார் என்பதும் நடக்காத காரியம். திரைக்குத் திரை நிறம் மாறும். அமெரிக்க அரசு பெயின்ட் நிறங்களுக்குக் கொடுத்த எண்களையே பாருங்கள்: 34087, 24087 இரண்டும் ஆலிவ் டிராப் என்ற ராணுவப் பச்சைதான். முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கிறது. 3 என்றால் மங்கல், 2 என்றால் அரைப் பளபளப்பு. பக்கத்தில் வைத்தால் வேறு வேறு பச்சை போலத் தோன்றும்.

மணல் நிறம் அடிக்கலாம், ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். பழைய பெயின்ட்டின் நிறத்தோடு பொருந்த வேண்டுமானால் கடைக்காரரிடம் பானெட்டைக் காட்டாதீர்கள், நம்மூர் வெயிலில் அது வெளுத்திருக்கும். சீட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தைக் காட்டுங்கள். அப்புறம், தகரத் துண்டில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள்.