ஜூனிலேயே லேப் கதவைத் திறங்கள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. பல பள்ளிகளில் வேதியியல் ஆய்வகத்தின் பூட்டு இப்போதுதான் திறக்கும். ஜூனில் தொடங்கி வாரம் ஒன்றாகச் செய்திருக்க வேண்டிய சோதனைகளை இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டி முடிப்பார்கள். 22 வருடம் வேதியியல் நடத்தியவன் நான். என் கண்ணெதிரே நடந்த விபத்துகள் எல்லாமே இந்த இரண்டு மூன்று வாரத்தில் நடந்தவைதான்.

ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. அப்போது நான் இருந்த பள்ளியில் ஒரு பேட்ச்சுக்கு நாற்பது பேர். கொடுத்த சால்ட், அதாவது உப்பு, எதுவென்று கண்டுபிடிக்கும் சோதனை. ஒரு மாணவி டெஸ்ட் டியூபை ஸ்பிரிட் விளக்கின் மேல் அசைக்காமல் பிடித்துச் சூடாக்கினாள். சரித்துப் பிடித்து, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, ஆட்டிக்கொண்டே சூடாக்க வேண்டும். அடியில் மட்டும் கொதித்த கரைசல் சட்டென்று பீய்ச்சி, எதிரில் நின்ற பையனின் கண்ணில் பட்டது. அமிலம் கலந்த கரைசல். அவனைத் தொட்டிக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட ஒருவர் ஓடினார். அதுவரை பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைத் திறந்து திறந்து ஊற்றினோம்.

கண் தப்பியது. ஆனால் கண்ணில் ரசாயனம் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் ஒரு நிமிடத்துக்குக்கூட வராது.

அந்தப் பெண்மேல் தவறே இல்லை. டெஸ்ட் டியூப் ஹோல்டரை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடிக்கிறாள். நான் செய்து காட்டியபோது நாற்பது பேருக்குப் பின்னால் நின்றவளுக்கு என் கை தெரிந்திருக்காது. அது என் தவறு.

திரவத்தை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடை வாயால் உறிஞ்சி அளக்கச் சொல்லித்தான் நானும் பல வருடம் கற்றுக்கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் பிசகினால் அரிக்கும் அந்தக் கரைசல் நேராக நாக்கில். ஆக்சாலிக் அமிலமாக இருந்தால் அது விஷம். இதற்கு, வாய்க்குப் பதிலாக உறிஞ்சித் தரும் ரப்பர் பல்பு இருக்கிறது, பெரிய விலையும் இல்லை. ஒரு வருடம் வாங்கி வைத்தேன். அதை அழுத்தி, அளவுக்கோட்டில் நிறுத்தப் பழக நான்கைந்து முறையாவது செய்து பார்க்க வேண்டும். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை? பிள்ளைகள் மறுபடி வாய்க்கே போய்விட்டார்கள். பல்பு அலமாரியில் கிடந்தது. பொருள் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்த என் எண்ணம் அன்றோடு போயிற்று.

உப்பில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கும் பழுப்பு வளையச் சோதனையும் அப்படித்தான். அடர் கந்தக அமிலத்தை டெஸ்ட் டியூபின் சுவர் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். தண்ணீரைப்போல 1.84 மடங்கு கனமான திரவம் அது, நிதானமாக விட்டால் அடியில் போய்த் தங்கி, மேலே வளையம் தெரியும். அவசரக் கை மடமடவென்று ஊற்றினால் வளையமும் வராது, தண்ணீரோடு கலந்து கொதித்துக் கையிலும் தெறிக்கும்.

இன்னொன்று, லேப் அசிஸ்டென்ட். அந்த இடம் காலியாக இருக்கும் பள்ளியில் ஆசிரியர்தான் இரண்டு வகுப்புக்கு நடுவே ஓடிவந்து அமிலத்தை நீர்க்க வைக்கிறார். லேபிள் ஒட்ட நேரமில்லாமல், கிடைத்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். தாகத்தோடு வரும் ஒரு பிள்ளைக்கு அது என்னவாகத் தெரியும்? எந்த அவசரத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

துப்பட்டாவை முடிந்துகொள்வது, பின்னலைப் பின்னால் போட்டுக்கொள்வது, எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாமல் இருப்பது எல்லாம் ஜனவரியில் சொன்னால் வெறும் அறிவுரைதான். ஜூன் முதல் வாரா வாரம் லேபுக்குள் வந்து போகும் பிள்ளைக்கு நாம் சொல்லவே வேண்டியிருக்காது.

செய்முறைக்கு 100க்கு 20 மதிப்பெண். எப்படியும் போட்டுவிடுவார்கள் என்ற எண்ணம்தான் அந்தக் கதவை ஜனவரி வரை பூட்டி வைத்திருக்கிறது என்பது என் கருத்து. தலைமை ஆசிரியர்களே, அடுத்த ஜூன் கால அட்டவணை போடும்போதே லேபுக்கு இரண்டு பீரியடைச் சேர்த்து ஒதுக்குங்கள். நாற்பது பேரை இரண்டாகப் பிரியுங்கள். பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதம் கேட்கிறீர்கள் அல்லவா, அப்படியே லேப் எப்போது திறக்கும் என்றும் கேளுங்கள்.

இந்த வருடத்துக்கு இனி அவ்வளவு நேரம் இல்லை, தெரியும். நாளைக்கு பிராக்டிகல் ஆரம்பிக்கும் ஆசிரியர்கள், முதல் பேட்ச் உள்ளே வருவதற்கு முன்னால் அந்தக் குழாயை ஒரு தடவை திறந்து பாருங்கள்.