ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது அல்ல

புகலிடம் கோரியவர்களை 2022 ஜூன் 14 அன்று பிரிட்டனிலிருந்து ருவாண்டாவுக்கு ஏற்றிச் செல்லவிருந்த விமானத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தடுத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார்; அது சரியல்ல. அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். அது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான, 46 நாடுகள் அடங்கிய ஐரோப்பிய மன்றத்தை (Council of Europe) சார்ந்தது என்பதால்தான், 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரிட்டனையும் அதன் உத்தரவு கட்டுப்படுத்தியது. இரு அமைப்புகளும் ஒரே பன்னிரு நட்சத்திரக் கொடியைப் பயன்படுத்துவதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது. அக்கொடியை 1955-இல் முதலில் ஏற்றுக்கொண்டது ஐரோப்பிய மன்றமே.

ஐயமிருப்பவர்கள் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்தில் நீதிபதிகள் பட்டியலைத் திறந்து பார்க்கலாம்: உறுப்பு நாட்டுக்கு ஒருவர் என்ற முறைப்படி அமைந்த அதில், ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, துருக்கி, நார்வே, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பெயர்களும் இருக்கும்.