வங்கி இலாபம் கடன் வட்டியை ஏற்றியதால் வந்ததல்ல

"2024இல் கடன் வட்டியை ஏற்றித்தான் வங்கிகள் கொழுத்த இலாபம் பார்த்தன" என்று இலங்கை வங்கிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். திசையே தப்பு. மத்திய வங்கி 2023 ஜூனிலிருந்து கொள்கை வட்டியை, அதாவது மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் தன் அடிப்படை வட்டியை, குறைத்துக்கொண்டே வந்தது. கடன் வட்டியும் இறங்கியது. ஆனால் 2022 கடைசியில் 20 வீதத்துக்கு மேல் கொடுத்துப் பிடித்த நிலையான வைப்புகள் முதிர்ந்து, குறைந்த வட்டியில் புதுப்பிக்கப்பட்டன. வங்கியின் செலவு அங்கேதான் விழுந்தது.

அதைவிடப் பெரிய சங்கதி, நட்டத்துக்கென்று ஒதுக்கிய பணம். 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதும், கையிலிருந்த அரசின் டொலர் பிணைமுறிகளுக்காக (கடன் பத்திரங்களுக்காக) வங்கிகள் இலாபத்திலிருந்து பெருந்தொகையை ஒதுக்கின. 2024 டிசம்பரில் அந்தப் பிணைமுறிகளின் மறுசீரமைப்பு முடிந்ததும் அதில் ஒரு பகுதி இலாபமாகத் திரும்பியது. இது ஒருமுறை வரும் வரவு, வருடா வருடம் வராது. சரி, வட்டி வருமானத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அதனால் கொழும்புப் பங்குச் சந்தைத் தளத்தில் கணக்கறிக்கையைத் திறந்தால் கடைசி வரியிலுள்ள இலாபத்துக்குப் பாயாமல், தேறிய வட்டி வருமானத்தையும் (வாங்கிய வட்டியில் கொடுத்த வட்டி போக மீதி) நட்ட ஒதுக்கீட்டையும் 2023உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.