“1971-க்குப் பின் வந்தவர்கள்” என்ற கூற்றுக்கு ஒரு திருத்தம்

மியான்மரின் ரக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள், 1971 வங்கதேச விடுதலைப் போருக்குப் பின் வங்கதேசத்திலிருந்து மியான்மருக்குள் புகுந்தவர்கள் என்றும், அங்கே அவர்களுக்கு எந்த உரிமையும் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அரக்கானில் (இன்றைய ரக்கைன்) நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தங்களை ‘ரூயிங்கா’ என்று அழைத்துக்கொள்வதாக, பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1799-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். 1826-இல் அரக்கான் பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகு இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங்கிலிருந்து வயல் வேலைக்குப் பெருந்திரளானோர் வந்தது உண்மைதான் (அதை மறைப்பவர்களும் வரலாற்றுக்கு நியாயம் செய்வதில்லை). ஆனால் அதுவும் வங்கதேசம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய கதை.

சுதந்திர பர்மாவில் (இன்றைய மியான்மர்) ரோஹிங்கியாக்கள் வாக்களித்தார்கள், நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ரங்கூன் வானொலி அவர்கள் மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்பியது. 1823-க்கு முன்பே குடியேறியிருந்த இனங்களுக்கே முழுக் குடியுரிமை என்ற 1982-ஆம் ஆண்டுச் சட்டமும், அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததும்தான் அவர்களை நாடற்றவர்களாக்கின. தொண்ணூறுகளில் பலரிடம் கொடுக்கப்பட்ட தற்காலிக அடையாள ஆவணமான ‘வெள்ளை அட்டை’யைக் காட்டி 2010 தேர்தலில் வாக்களித்தவர்களிடமிருந்து, 2015-இல் அந்த அட்டையும் பறிக்கப்பட்டது.

2017 ஆகஸ்ட் 25 அன்று அர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு மியான்மர் காவல் நிலைகளைத் தாக்கியதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பதிலடி என்ற பெயரில் ராணுவம் கிராமங்களை எரிக்க, 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடினார்கள் என்பதையும் அந்தக் கூற்றை எழுதியவர் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.